கதிர்காமு அண்ணையின்ரை காருக்கு மூக்குத் தேடின கதை

பழைய காருக்குச் சாமான் தேடுற தொழிலிலை இறங்கினால் வெக்கம், மானம், அயலட்டை என்ன நினைக்கும் எண்ட யோசினை எல்லாத்தையும் வீட்டிலை கழட்டி வைச்சிட்டு, கண்ட கண்ட வளவுக்கை எல்லாம் எட்டிப் பாக்கப் பழகவேணும்.

அச்சுவேலியிலை என்ரை மனுசன் குணம் ஒரு சின்னக் கராஜ் வைச்சிருக்கிறார். கழட்டுறது, பூட்டுறது, இடைக்கிடை என்னைத் திட்டுறது அவர். சாமான் தேடுறது நான். கடையிலை விக்கிற சாமானை ஆரும் வாங்கலாம். எங்கடை பக்கத்திலை ஓடுற பழைய கார்களுக்குக் கடையும் இல்லை, செய்த தொழிற்சாலையும் இல்லை. உங்களிலை ஆரும் அப்பிடி ஒரு கார் வைச்சிருந்தால் நான் சொல்லாமலே விளங்கும். வாசிக்க முதல் ஒரு மிடறு தண்ணி குடியுங்கோ. போன வருசம் ஒரே ஒரு காருக்காக நான் அலைஞ்ச அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் பொய் சொல்லக்கூடாது, அப்பிடி வாயைப் பிளந்துகொண்டு அதிசயிச்சு நிண்டதும் வேறை எந்த வருசத்திலையும் இல்லை.

பால்மா ரின்

அந்தக் கார் கொழும்புத்துறையிலையிருந்து லான்ட்மாஸ்ரர் உழவு மெசினிலை கட்டி இழுபட்டுத்தான் வந்தது. கறுத்த ஏ ஃபோர்ட்டி, வெள்ளைக்காரன் காலத்துக் கார். கலியாண ஹயருக்கு ஓடுற கார் எண்டபடியால் வெளியிலை மாப்பிள்ளை மாதிரி மினுங்கிக்கொண்டு நிண்டது. சொந்தக்காரர் கதிர்காமு அண்ணை, இழுபடுறது தன்ரை கார் இல்லை எண்ட மாதிரி ஸ்ரேறிங்கைப் பிடிச்சு நிமிந்து இருந்தார். எழுபது வயசு இருக்கும். பக்கத்திலை அவரின்ரை மனிசி புவனம் அக்கா, மடியிலை ஒரு மருந்துப் போத்திலோடை.

குணம் பொனற்றைத் திறந்தார். என்னடா உவர் திட்டாமல் நிக்கிறார் எண்டு நானும் எட்டிப் பாத்தன். காபரேற்றரின்ரை வாயிலை ஒரு பால்மா ரின் கவிண்டு கிடக்கு! அடியிலை ஆணியாலை குத்தின ஓட்டையள். உள்ளுக்கை தேங்காய்த் தும்பு, தும்பைச் சுத்தி நைலோன் சீலைத் துண்டு. அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருக்கு.

சண்டைக் காலத்திலை எங்களுக்குப் பெற்றோல் வராது எண்டது உங்களுக்குத் தெரியும்தானே. கார் எல்லாம் மண்ணெண்ணெயிலை ஓடினது. குளிந்த எஞ்சினிலை மண்ணெண்ணெய் பத்தாது. அதாலை முதல்லை காபரேற்றர் வாயிலை ஒரு மூடி பெற்றோல் ஊத்தி எஞ்சினை எழுப்புவினம், சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவினம். வாயிலை ஊத்திறதெண்டால் வாய் திறந்தெல்லோ இருக்கவேணும்? அதுக்காகக் காத்து எடுக்கிற சாமான் முழுக்கக் கழட்டி எறிஞ்சினம். கிரில்லுக்குப் பின்னாலை இருந்த புனல், அதிலையிருந்து வாற ரப்பர்க் குழாய், முழங்கை எண்டு நாங்கள் சொல்லுற வளைஞ்ச குழாய், கடைசியிலை தூசியைப் பிடிக்கிற எண்ணெய்ச் சட்டி. முன்பக்கத்துக் குளிர்காத்தை இழுத்து, வடிச்சு, எஞ்சினுக்குக் குடுக்கிற மூக்கு அது. அந்த மூக்கு இல்லாமல், தும்புக்குள்ளாலை மூச்சு விட்டுக்கொண்டு, இந்தச் சீவன் முப்பது வருசத்துக்கு மேலை பொம்பிளை மாப்பிள்ளையை ஏத்தி இறக்கியிருக்கு. எனக்கு அதைக் கையெடுத்துக் கும்பிடவேணும் போலை கிடந்தது.

"அக்கா, இந்த வாய்க்கு மேலை மூடின சட்டி ஒண்டு இருந்திருக்கவேணும்" எண்டு சொன்னன். புவனம் அக்கா ரின்னைப் பாத்தா, பிறகு என்னைப் பாத்தா.

"உந்த வாய்க்கு மூடி இருந்ததோ பிள்ளை? நான் இவ்வளவு காலமும் அதுக்குப் பால் பருக்கிக்கொண்டெல்லோ நிண்டனான்!"

ஒற்றைப் புருவம்

அக்கா சொன்னது பகிடி இல்லை. மண்ணெண்ணெய்க் காலம் போனாலும் அந்தப் பழக்கம் போகேல்லை. குளிர் எஞ்சினுக்குக் கூடப் பெற்றோல் விடுற சோக் கம்பியை ஆரும் திருப்பிக் கட்டேல்லை, பெற்றோல் பம்பும் களைச்சுப் போச்சு. அதாலை ஒவ்வொரு காலமையும் புவனம் அக்கா பொனற்றுக்கு முன்னாலை வந்து நிப்பா. ரின்னைத் தூக்கி, மருந்துப் போத்திலாலை ரெண்டு சொட்டுப் பெற்றோல் ஊத்தி, பின்னுக்கு விலகி, "அடியுங்கோ!" எண்டு சொல்லுவா. அதுக்குப் பிறகுதான் கதிர்காமு அண்ணை ஸ்ராற்றரை அடிப்பார். கலியாணம் முடிச்ச புதிசிலை தொடங்கின பூசை இது. சண்டை பிடிச்சு முகம் பாக்காத நாளிலையும் அந்த ஒரு சொல்லு மட்டும் தவறாதாம்.

சித்திரை வெயிலுக்கை ஒருநாள் எஞ்சின் திருப்பி ஊதிப்போட்டுது. வாயாலை வந்த நெருப்பு அக்காவின்ரை வலப்பக்கப் புருவத்தையும் முன்மயிரையும் கொண்டுபோட்டுது. கண்ணுக்கு ஒண்டும் நடக்காதது அந்த முருகன் செயல். கனடாவிலை இருக்கிற மகள் வீடியோக் கோலிலை தாய்க்கு ஒரு புருவத்தைக் காணாமல் குழறியிருக்கிறா. "அந்தக் காரை வில்லுங்கோ, இல்லாட்டி நான் உங்களோடை கதைக்கமாட்டன்!" கொழும்பிலை ஒரு ஹோட்டல்காரர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தவராம். எஞ்சினை எடுத்து எறிஞ்சுபோட்டு, முன்வாசல்லை நிப்பாட்டி, உள்ளுக்கை பூச்சாடி வைக்கிறதுக்கு. தாயும் தகப்பனும் கெஞ்சினதிலை மகள் ஒரு தவணை குடுத்திருக்கிறா. நெருப்பு வெளியிலை வராமல் மூடி, கையாலை ஊத்தாமல் கார் ஸ்ராற் வந்தால் வைச்சிருக்கலாம். இல்லாட்டி ஆவணி பிறக்கக் கொழும்பு லொறி வரும்.

"சட்டியும் குழாயும் ஒழுங்காப் பூட்டினால் நெருப்பு வெளியிலை வராது. வெயிலுக்கை ஊர்வலம் போகேக்கை மூச்சு முட்டி நிக்கிற பிரச்சினையும் போகும். சோக்கையும் பம்பையும் நான் பாக்கிறன். ஆனால் சட்டிக்கு எங்கை போறது?" எண்டு குணம் என்னைப் பாத்தார். கதிர்காமு அண்ணை மட்காட்டைத் துடைச்சுக்கொண்டு மெதுவாச் சொன்னார்.

"விக்கமாட்டன் எண்டில்லைத் தங்கச்சி. ஆனால் என்ரை கார் ஓடித் தேயட்டும், நிண்டு தேயக்கூடாது."

கோழி குடிச்ச சட்டி

பழைய புத்தகம் ஒண்டிலை இருந்த சட்டியின்ரையும் முழங்கையின்ரையும் படத்தை வட்ஸ்அப்பிலை போட்டன். சனம் மாறி மாறிப் பதில் அனுப்பிச்சுது. "இது எங்கடை வீட்டிலை நெடுகக் கிடந்தது, போன பொங்கலுக்குத்தான் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டனாங்கள்." இப்பிடி ஒண்டில்லை, நிறைய. சாமான் தேடி அலைஞ்ச ஆக்களே, உங்களுக்குத் தெரியும்: இல்லை எண்டு சொல்லுறவன் நல்லவன். இருந்தது எண்டு சொல்லுறவன்தான் எமன்.

கடைசியிலை சட்டி எங்கை இருந்தது தெரியுமோ? எங்கடை கராஜிலையிருந்து கூப்பிடு தூரத்திலை! செல்வராணி ரீச்சர் வீட்டுக்கு முருங்கையிலை பிடுங்கப் போனனான். பென்சன் எடுத்து ஆறுதலாக் கோழி வளக்கிற மனுசி. கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலை ஒரு வட்டச் சட்டியிலை தண்ணி. சேவல் ஒண்டு குனிஞ்சு குடிக்கேக்கை சட்டியின்ரை விளிம்பிலை ஒரு மடிப்புத் தெரிஞ்சுது. முருங்கையிலையைக் கீழை போட்டிட்டு ஓடினன். தண்ணியைக் கவிட்டுப் பாத்தால், அடியிலை எண்ணெய் எவ்வளவுக்கு விடவேணும் எண்டு காட்டுற அம்புக்குறி இருக்கு! ஒரு பொட்டுத் துரு இல்லை. "ரீச்சர், இதுக்கு மூடி ஒண்டு இருக்கவேணுமே" எண்டு மூச்சு வாங்கக் கேட்டன். ரீச்சர் மாட்டுக்கொட்டிலைக் காட்டினா. அங்கை பல்ப்புக்குத் தொப்பியாத் தொங்குது மூடி. குழாய் பூட்டுற கழுத்துக்குள்ளாலை வயர் போகுது. அவவின்ரை தகப்பன் அந்தக் காலத்திலை தன்ரை காரிலையிருந்து கழட்டினதாம். தாய் எறியவிடேல்லையாம். உள்ளுக்கை இருக்கிற கம்பிவலை மட்டும் இல்லை, அதைக் குணம் பிறகு புதுசாச் சுருட்டி வைச்சார். ஆனால் அந்த இடத்திலை நான் அழாக்குறை. எங்கடை சனம் ஒரு சாமானையும் சாகவிடாது.

ரீச்சர் மறுப்புச் சொல்லேல்லை. சட்டிக்குப் பதிலா ஒரு புது பிளாஸ்ரிக் பேசினும், மூடிக்குப் பதிலா ஒரு பல்ப் ஹோல்டரும் குடுத்திட்டு வந்தன். அடுத்தநாள் விடிய ரெலிபோன் அடிக்குது. ரீச்சர்தான், வகுப்பிலை கதைக்கிற குரலிலை.

"பிள்ளை, உம்மடை பேசினிலை என்ரை கோழியள் தண்ணி குடிக்குதுகளில்லை. கார் உயிர் தப்பினால் சந்தோசம், ஆனால் என்ரை சேவலுக்கு நீர்தான் பொறுப்பு."

ஐயருக்குப் போன முழங்கை

முழங்கை உள்ளூரிலை இல்லவே இல்லை. வட்ஸ்அப்பிலை படத்தைப் பாத்த, லண்டனிலை இருக்கிற ஒரு தம்பி, பழைய கார்ச் சாமான் விக்கிற சந்தை ஒண்டிலை கண்டு வாங்கி வைச்சிருந்தவர். தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்ய ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்கு வாறன், அங்கை வந்து வாங்குங்கோ எண்டு தகவல் அனுப்பினார். நானும் விடிய வெள்ளனப் போனன். கேணியடியிலை கால் வைக்க இடமில்லை.

தம்பி, முழங்கையிலை கீறல் விழக்கூடாது எண்டு அதைப் புது வேட்டிக்குள்ளை சுத்திக் கொண்டு வந்திருக்கிறார். அவரின்ரை மாமி பையைப் பிரிச்சவ, வேட்டியைக் கண்ட உடனை தானச் சாமான் எண்டு நினைச்சு அரிசி, மரக்கறியோடை தட்டிலை வைச்சிட்டா. மந்திரம் சொல்லித் தண்ணி விட்டுத் தானம் குடுத்தும் ஆச்சு. ஐயர் வேட்டியை அவிழ்க்க, உள்ளுக்கையிருந்து வெள்ளி மாதிரி வருது முழங்கை! நான் படத்திலை மட்டும் கண்ட சாமான். "ஐயா, அது என்ரை" எண்டு நான் கையை நீட்ட, மாமி குறுக்கை விழுந்தா. "குடுத்த தானத்தைத் திருப்பி வாங்கிறதோ? அத்தான்ரை ஆத்துமா என்ன பாடுபடும்!" தம்பி முழிக்கிறார். ஆடி முடியப் போகுது, லொறி வரப்போகுது, முழங்கை இப்ப ஐயரின்ரை சொத்து!

நான் மூச்சு விடாமல் முழுக் கதையையும் சொன்னன். புருவம், லொறி, ஹோட்டல், பூச்சாடி எல்லாம். ஐயர் வடிவாக் கேட்டார். முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தார், ஒரு பக்கத்தாலை ஊதியும் பாத்தார். பிறகு அதை என்ரை கையிலை வைச்சு, "நான் வாங்கியாச்சு. இப்ப இதை உமக்குக் குடுக்கிறன், மாமிக்கும் குறையில்லை" எண்டார். லண்டன் தம்பியைப் பாத்துச் சிரிச்சார்.

"குடை தந்தவை இருக்கினம், செருப்புத் தந்தவை இருக்கினம். தகப்பன் மூச்சு விடக் குழாய் தந்தது நீர் ஒராள்தான் தம்பி."

கடல்குழாய்

ரப்பர்க் குழாய் கதிர்காமு அண்ணையின்ரை வீட்டுக்கு அடுத்த வீட்டிலையே கிடைச்சுது. வள்ளத்து எஞ்சினுக்குப் பூட்டுற தடிச்ச குழாய். அந்த வீட்டுக்காரர் தொழிலுக்குப் போட்டு வந்து வலை காயவிட்டுக்கொண்டிருந்தவர். அளவைக் கேட்டார், உள்ளுக்கை போய் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்து தந்தார். மணந்து பாத்தன். மீன் எண்டால் மீன், அப்பிடி ஒரு மீன் மணம். கலியாணப் பொம்பிளை ஏறுற காரெல்லோ எண்டு நான் முகத்தைச் சுழிக்க, மனுசனுக்கு ரோசம் வந்திட்டுது.

"அக்கா, இது கடல்தண்ணியைக் குடிச்சு வளந்த குழாய், உங்கடை காத்துக்குப் பயப்பிடாது!"

பெயின்ற்றுக்கை கிடந்த புனல்

எல்லாம் வந்திட்டுது, கிரில்லுக்குப் பின்னாலை இருக்கிற புனல் மட்டும் இல்லை. படமும் இல்லை. என்ன வடிவம், எவ்வளவு பெரிசு, ஒருத்தருக்கும் தெரியாது. லண்டன் தம்பியும் கையை விரிச்சிட்டார். குணம் கிரில்லைக் கழட்டிப்போட்டு ஒரு பின்னேரம் முழுக்க அதைப் பாத்துக்கொண்டு இருந்தார். தேத்தண்ணி ஆறிப் போச்சு. "சோதிக்காதை ஆண்டவரே" எண்டு நான் மனசுக்குள்ளை.

பிறகு அவர் சும்மா ஒரு அரத்தாள் துண்டை எடுத்து, கிரில்லுக்குப் பின்பக்கத் தகட்டைத் தேய்க்கத் தொடங்கினார். கறுப்புப் போச்சு. அதுக்குக் கீழை ஒரு நீலம், அதுவும் போச்சு. அதுக்குக் கீழை ஒரு இடத்திலை மட்டும் பெயின்ற்றே இல்லை, வெறுந் தகடு. முட்டை வடிவம். அதைச் சுத்தி நாலு திருகாணி ஓட்டை, அடைச்சுப் பூசியிருக்கு. புனல் பூட்டியிருந்த இடத்திலை முதல் பூச்சுப் படேல்லை! அந்தக் கார் தன்ரை மூக்கின்ரை அச்சை உடம்பிலையே ஒளிச்சு வைச்சிருந்திருக்கு. "இஞ்சை பார்" எண்டு குணம் என்னைக் கூப்பிட்ட குரல் இருக்கே, எங்கடை முதல் பிள்ளை பிறந்த அண்டுதான் அப்பிடிக் கேட்டனான். ரெண்டு பேரும் தோளோடை தோள் முட்ட நிண்டு பாத்தம்.

கடதாசியிலை அச்செடுத்துக்கொண்டு சந்தையடித் தகரவேலைக்காரரிட்டை ஓடினன். புட்டு அவிக்கிற பானை, எண்ணெய்ப் புனல், எல்லாம் அவர்தான் செய்யிறவர். கடதாசியை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்துப்போட்டுக் கேட்டார்.

"அந்த நாளிலை மண்ணெண்ணெய் அளக்க ஊருக்கெல்லாம் புனல் அடிச்சனான். இப்ப காத்தையும் அளந்துதான் விடப்போகினமோ?"

அடியுங்கோ

ஆவணி பிறந்த காலமை. எங்கடை கராஜ் வாசல்லை கொழும்பு லொறி நிக்குது. ஹோட்டல் ஆள் ஒரு இளந்தாரி, நல்ல மரியாதையான பிள்ளை, கையிலை கயிறோடை. குணம் எல்லாத்தையும் முதல்நாளே பூட்டி முடிச்சிட்டார். ஆனால் முதல் ஸ்ராற்றைத் தான் அடிக்கமாட்டன், சொந்தக்காரர்தான் அடிக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டார். அதாலை ஓடுமோ ஓடாதோ எண்டது ஒருத்தருக்கும் தெரியாது. கனடா மகள் என்ரை ரெலிபோனிலை, கண்ணை முழிச்சுக்கொண்டு.

கதிர்காமு அண்ணையும் புவனம் அக்காவும் ஓட்டோவிலை வந்து இறங்கிச்சினம். அக்கா இல்லாத புருவத்தை மையாலை கீறியிருந்தா. கையிலை பழையபடி அந்த மருந்துப் போத்தில்! "அக்கா, இனி உது தேவையில்லை" எண்டு நான் வாங்கி மேசையிலை வைச்சன். வெறுங்கையை என்ன செய்யிறதெண்டு தெரியாமல் அவ சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு ஒரு கரையிலை போய் நிண்டா. எனக்கு அது அப்ப விளங்கேல்லை.

அண்ணை ஏறி இருந்தார். திறப்பைப் போட்டார். சோக்கை இழுத்தார். ஸ்ராற்றரிலை கையை வைச்சார். வைச்ச கை வைச்சபடி. நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறம், மனுசன் அசையிறாரில்லை.

"என்னண்ணை, அடியுங்கோவன்" எண்டார் குணம்.

"அவ இன்னும் சொல்லேல்லையே" எண்டார் கதிர்காமு அண்ணை.

புவனம் அக்கா மெல்ல மெல்லக் காருக்கு முன்னாலை வந்தா. "நான் இப்ப என்னத்தை ஊத்திறது?" எண்டு கேட்டா. திறந்து கிடந்த பொனற்றுக்கை குனிஞ்சு, கோழி குடிச்ச சட்டியைத் தொட்டுப் பாத்தா. ரெலிபோனுக்கையிருந்து மகள், "அம்மா, தள்ளி நில்லுங்கோ!" எண்டு கத்துறா. அக்கா பழக்கப்படி பின்னுக்கு விலகினா. சீலையை இழுத்துச் செருகினா.

"அடியுங்கோ!"

ஒரு இருமல். ஒரு குலுக்கல். பிறகு பிடிச்சுது! ஊத்தாமல், நெருப்பில்லாமல், ஒரு சொட்டுத் தடக்கலில்லாமல் எஞ்சின் ஓடுது. எத்தினையோ கார் ஸ்ராற் வாற சத்தம் கேட்டிருக்கிறன், அண்டைக்கு எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. புவனம் அக்கா குனிஞ்சு கிரில்லுக்கு முன்னாலை உள்ளங்கையைப் பிடிச்சா. காத்து அவவின்ரை கையடியாலை உள்ளுக்கை போகுது. "இழுக்குது பிள்ளை, மூச்சு இழுக்குது!" எண்டு சொல்லிச் சொல்லி அழுதா. கண்மை கரைஞ்சு கன்னத்திலை ஓடிச்சுது. நானும் அழுதன், அதிலை என்ன வெக்கம்? லண்டன் தம்பியையும் ஐயரையும் அந்தச் சேவலையும் நினைச்சு நினைச்சு அழுதன்.

ஹோட்டல் பிள்ளைக்கும் கார் இன்னும் நல்லாப் பிடிச்சுப் போச்சு. "அங்கிள், இப்ப தனியாவே ஸ்டார்ட் ஆகுது தானே? எஞ்சினைக் கழட்டவே மாட்டோம். நாங்களே கல்யாணங்களுக்கு ஓட்டுறோம். நல்லாப் பார்த்துக்குவோம், குடுங்களேன்" எண்டு கேட்டுது. நாங்கள் மூக்குப் பூட்டினதே காரை விக்க வழி செய்து குடுத்ததாப் போச்சோ? நிண்டு தேயக்கூடாது எண்டு சொன்ன மனுசனுக்கு இனிச் சாட்டும் இல்லை. குணத்தைப் பாத்தன், அவர் நிலத்தைப் பாத்தார்.

கதிர்காமு அண்ணை எஞ்சினை நிப்பாட்டினார். இறங்கி வந்து, மனிசியின்ரை கன்னத்து மையைத் தன்ரை சால்வைத் தலைப்பாலை துடைச்சுவிட்டார். எங்கள் எல்லாருக்கும் முன்னாலை. பிறகு அந்தப் பிள்ளையைப் பாத்துச் சொன்னார்.

"பெற்றோல் ஊத்த இனி ஆள் தேவையில்லைத் தம்பி, அது மெய்தான். ஆனால் 'அடியுங்கோ' எண்டு சொல்ல ஆள் வேணும், அவவை நான் கொழும்புக்கு அனுப்பேலாது."

காணாமல் போன சாமான் எதுவும் எங்கையாவது ஒரு கோழிக்கூட்டடியிலை கிடக்கும் எண்டு நம்பி அலையிற என்னட்டை, காருக்கு முன்னாலை நிக்கிற மனிசிக்கு மட்டும் மாத்துச் சாமான் தேடித் தாங்கோ எண்டு இண்டைவரைக்கும் ஒருத்தரும் வந்து கேட்டதில்லை, கேட்டாலும் கிடைக்காது.